கொலைக்கதை படிக்கிறது கெட்ட பழக்கமா?

போன பதிவில் மக்காச்சோளத்துப் படைப்புழுவைப் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் போன் செய்து பேசினீர்கள், சந்தோஷம். இந்தத் தடவை வெள்ளாமையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர். காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, தென்னைக்குத் தண்ணி பாய்கிற நேரத்தில் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து இரண்டு அத்தியாயம் படித்தால்தான் அன்றைய பொழுது பொழுதாக இருக்கும். பார்க்கிறவர்கள் சும்மா போக மாட்டார்கள். "ஏனுங்ணா, இந்த வயசுல ராமாயணம் பாரதம்னு படிக்காம, கொலைக்கதை படிச்சுட்டு உக்காந்திருக்கறீங்ளே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். வீட்டம்மாவும் அந்தக் கட்சிதான். கொலை, திருட்டு, விஷம் என்று படித்துக்கொண்டே இருந்தால் புத்தி அந்தப் பக்கம் போய்விடும் என்று பலபேருக்கு ஒரு பயம்.

என் அனுபவம் நேர் எதிர். ஊருக்குப் பத்துப் பேர் நல்ல துப்பறியும் கதை படித்தவர்களாக இருந்தால், தப்பு ஒன்று நடந்ததும் "அவன்தான்டா" என்று விரலை நீட்டுகிற அவசரம் அந்த ஊரில் குறையும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

நான் பத்தாவதோடு நிறுத்தினவன். பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழைக் காப்பாற்றிக் கொடுத்தது பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்கள்தான். 1980-களில் அதற்கு இருந்த கிராக்கியை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒருத்தன் வாங்கினால் பதினைந்து பேர் படிப்போம். முடிவெட்டுகிற கடையில் பாதி, பஸ்ஸில் பாதி என்று படித்தவர்கள் உண்டு. கடைசிப் பக்கம் கிழிந்துபோன புத்தகம் கையில் கிடைத்துவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது.

எங்கள் பக்கத்து ஆள் என்பதால் ராஜேஷ்குமார் மேல் எனக்குத் தனிப் பிரியம். கோயம்புத்தூர்க்காரர். 1500 நாவலுக்கு மேல் எழுதினவர். அவருடைய விவேக்கும் ரூபலாவும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் அடிக்கிற அரட்டைக்காகவே படிக்கிற கூட்டம் இருந்தது. சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர். நரேந்திரனும் வைஜயந்தியும் அவர்களுடைய ஆட்கள். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் போலீஸ்காரர்கள் இல்லை, வக்கீல்கள். அதனால் "இது கோர்ட்டில் நிற்குமா?" என்கிற கேள்வி அந்தக் கதைகளில் கூடவே வரும். இவர்களுக்கெல்லாம் முன்னால் தமிழ்வாணனின் சங்கர்லால். எங்க அப்பாரு காலத்து ஆட்களுக்கு அவர்தான் ஹீரோ. இன்னும் பின்னால் போனால், நூறு வருஷத்துக்கு முன்பே ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950-ல் படமாகவே வந்தார். வில்லனாகவே நமக்குத் தெரிந்த நம்பியார்தான் அதில் கதாநாயகன், பல வேஷங்களில். ஆக இது நேற்று வந்த பழக்கம் இல்லை.

சரி, நல்ல துப்பறியும் கதை என்றால் எது? எத்தனை கொலை, எத்தனை ரத்தம் என்பது கணக்கில்லை. நம் கண்ணுக்கு முன்னாலேயே எல்லாத் தடயத்தையும் வைத்துவிட்டு, நாம் கவனிக்காமல் தாண்டிப் போகும்படி செய்வதுதான் கெட்டிக்காரத்தனம். விடுகதை மாதிரிதான். விடையைக் கேட்டதும் "அட ஆமா, இது தெரியாமப் போச்சே" என்று நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும். விடுகதையில் இல்லாத ஒன்றை விடையாகச் சொன்னால் கிழவிகளே விட மாட்டார்கள், "இது போங்கு" என்று சண்டைக்கு வருவார்கள். இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்று ஒரு பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதினவர், 1929-ல் இதற்குப் பத்து விதியே போட்டு வைத்தார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்திருக்க வேண்டும், துப்பறிகிறவர் பார்க்கிற தடயம் வாசகனுக்கும் தெரிய வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. படிக்கிறவனை ஏமாற்றலாம், ஆனால் அவனிடம் பொய்க்கணக்கு எழுதக் கூடாது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் 1892-ல் வந்த 'சில்வர் பிளேஸ்'. பந்தயக் குதிரை ஒன்று ராத்திரி லாயத்திலிருந்து காணாமல் போகிறது. குதிரையைப் பழக்குகிறவர் செத்துக் கிடக்கிறார். வெளியூரிலிருந்து வந்து சுற்றிக்கொண்டிருந்த ஒருத்தனைப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. ஹோம்ஸ் என்ன பார்த்தார் தெரியுமா? மூன்று விஷயம். அன்றைக்குக் காவல் பையனுக்கு வந்த சாப்பாடு மசாலா போட்ட ஆட்டுக்கறி. அதில் கலந்த அபினியின் ருசி தெரியாமல் போனதற்கு அந்த மசாலாதான் காரணம். அன்றைக்கு அந்தக் கறி சமைக்கப்போவது வெளியாளுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது, பட்டியில் மூன்று ஆடுகள் கொஞ்ச நாளாக நொண்டுகின்றன. மூன்றாவது, லாயத்தில் இருந்த நாய் அன்றைக்கு ராத்திரி குரைக்கவே இல்லை. ஆடு நொண்டுவதையும் நாய் குரைக்காததையும் வைத்து ஒரு கேஸ் முடிகிறது என்றால், நம்மை மாதிரி ஆட்களுக்கு வேறென்ன வேண்டும்? முடிவைச் சொல்ல மாட்டேன், படித்துக்கொள்ளுங்கள்.

அகதா கிறிஸ்டி எழுதிய மிஸ் மார்ப்பிள் கதைகளும் கிடைத்தால் விடாதீர்கள். 1930-ல் அவருடைய முதல் நாவல் வந்தது. அந்தம்மா போலீஸும் இல்லை, படித்த விஞ்ஞானியும் இல்லை. ஒரு சின்னக் கிராமத்தில் பின்னல் பின்னிக்கொண்டு, தோட்டத்தில் செடிக்கு நடுவே நின்று தெருவைப் பார்க்கிற கிழவி. எந்தக் கொலையைச் சொன்னாலும் "எங்க ஊர்ல இப்படித்தான் ஒருத்தர் இருந்தார்" என்று ஆரம்பிப்பார். கிராமத்தை ஒழுங்காகக் கவனித்தவருக்கு உலகத்தில் எந்த மனுஷனும் புதுசு இல்லை. நம் ஊர் மந்தையிலும் இப்படி நாலு ஆத்தாக்கள் உண்டு. ஒரு வித்தியாசம், நம்ம ஆத்தாக்கள் தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டுச் சாட்சியைப் பிறகு தேடுவார்கள்.

விவசாயி தினமும் செய்கிற வேலையே துப்பறிகிறதுதான். பயிர் மஞ்சள் அடித்தால் கடைக்காரர் சொன்ன மருந்தை அடித்துவிட்டு வருகிறவன் காசை இழப்பான். அடியிலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறையாக இருக்கும், நுனிக் கொழுந்து மஞ்சளானால் இரும்புச்சத்தைச் சந்தேகப்பட வேண்டும். தென்னை மட்டையில் கத்தரி வைத்து வெட்டின மாதிரி முக்கோண வெட்டு இருந்தால் அது காண்டாமிருக வண்டின் கைரேகை. தண்டில் ஓட்டை போட்டுச் செம்பழுப்பாகச் சாறு வடிந்தால் கூன்வண்டு. ரெண்டும் வண்டுதான், ஆனால் ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. பயிருக்கு இவ்வளவு விசாரிக்கிற நாம், மனுஷன் விஷயத்தில் மட்டும் விசாரணையே இல்லாமல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ராத்திரி போர் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செம்புக் கம்பிக்காகத்தான். மோட்டார் ரூமிலிருந்து போர் வரைக்கும் நல்ல நீளம், புதுக் கேபிள். விடிந்ததும் இருபது பேர் கூடிவிட்டார்கள். கூடின அஞ்சு நிமிஷத்தில் திருடனும் கிடைத்துவிட்டான். "தேங்கா நார் மில்லுல இருக்கற வடக்கத்திப் பசங்கதான். வேற யாரு வருவா?" அவ்வளவுதான் சாட்சி. ஏழெட்டு பைக்கைக் கிளப்பிவிட்டார்கள். ஒருத்தன் கையில் மண்வெட்டிப் பிடி.

நான் ஒன்றும் பெரிய வீரனில்லை. தோட்டத்துக்காரரைத் தனியாகக் கூப்பிட்டேன். "மாமா, பசங்க போறதுக்கு முன்னால ஒரு ரெண்டு நிமிஷம். எனக்கு மூணு விஷயம் மட்டும் சொல்லுங்க" என்றேன். பீஸ் கேரியர் மூன்றையும் பிடுங்கி எங்கே வைத்திருந்தார்கள்? ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே, ஓட்டுக்குக் கீழே இருக்கிற டப்பாவில். மாமா எப்போதும் வைக்கிற அதே டப்பாவில். கேபிள் பாதி தூரம் மண்ணுக்குள்ளே குழாயில் போகிறதே, எங்கே தோண்டினார்கள்? சரியாக ஜாயிண்ட் இருக்கிற இடத்தில், ஒரே ஒரு குழி. சாளை வாசலில் கட்டியிருந்த நாய் குரைத்ததா? மாமா யோசித்தார். அவர் அன்றைக்கு வாசல் கயிற்றுக் கட்டிலில்தான் படுத்திருந்தார். "குலைக்கலியே மாப்ள" என்றார். அந்த நாய் பால்காரனைப் பார்த்தே நாலு வருஷமாகக் குரைக்கிற நாய்.

அதற்குள் மில்லுக்கு ஒரு போன் போட்டோம். ராத்திரி ஷிப்ட் நோட்டில் அந்த அஞ்சு பையன்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், சூப்பர்வைசர் கூடவே இருந்திருக்கிறார். பைக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பத்து மணிக்கு ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தோம்.

"அப்ப உள்ளூர்க்காரன்தானே, யாருன்னு சொல்லுங்க" என்று சிலபேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சொல்லவில்லை. அந்த ஜாயிண்ட் இருக்கிற இடம் குழி தோண்டின ஆளுக்குத் தெரியும், கேபிள் இழுத்தவருக்குத் தெரியும், தோட்டத்துக்குள் போய்வருகிற பத்துப் பேருக்குத் தெரியும். அதில் ஒருத்தர் பெயரை என் வாயால் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? திருடன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. யார் திருடன் இல்லை என்று மட்டும் அன்றைக்குத் தெரிந்தது. கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் ஆள் மாட்டுவான். ஊரில் அப்படி எல்லாம் நடக்காது. ஆனால் அந்தப் பையன்கள் இன்றைக்கும் எங்கள் வீட்டில்தான் பால் வாங்குகிறார்கள். தங்களைத் தேடி இருபது பேர் கிளம்பினது அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இப்போது சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். ராணியின் சிலம்பு காணோம். வெளியூர்க்காரன் ஒருத்தன் கையில் சிலம்பு இருக்கிறது. ஒரு பொற்கொல்லன் சொன்னான், ராஜா நம்பினான். ராணியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? உடைத்துப் பார்த்தார்கள், ஆனால் ஆளை வெட்டினதற்கு அப்புறம். தமிழில் முதல் தடயச் சோதனை அதுதான் என்று நான் சொல்வேன். அது ஒருநாள் முன்னால் நடந்திருந்தால் மதுரையும் எரிந்திருக்காது.

ரெண்டாயிரம் வருஷத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? சென்னையிலிருந்து சொந்தக்காரர்களோடு குலதெய்வம் கும்பிட வந்த 65 வயது அம்மா. வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார். அந்தச் சமயம் வாட்ஸ்அப்பில் குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரே வதந்தி. கூட்டம் கூடி அடித்தே கொன்றுவிட்டது. 'எந்த ஊர், என்ன கோயில், யாரைப் பார்க்க வந்தீங்க' என்று ஒரே ஒருத்தர் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அந்த அம்மா உயிரோடு ஊர் திரும்பியிருப்பார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களும் நம்மை மாதிரி பிள்ளைகுட்டி பெற்றவர்கள்தான். கெட்டவர்களாக இருந்ததால் அது நடக்கவில்லை. சந்தேகப்பட்டது தப்பில்லை, சந்தேகத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள், அதுதான் நடந்தது.

சினிமாவுக்கு வருகிறேன். 1954-ல் எஸ்.பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' பார்த்திருக்கிறீர்களா? சிவாஜி படம், ஆனால் ஒரு பாட்டுக் கூடக் கிடையாது. ஆரம்பத்திலேயே ஒரு துப்பாக்கிச் சத்தம், ஆள் செத்துவிட்டார். அப்புறம் படம் முழுக்க விசாரணை. ஒவ்வொருத்தரும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லி, இன்னொருத்தர் மேல் சந்தேகத்தைத் திருப்பிவிடுகிறார்கள். ஒவ்வொருத்தர் பேச்சையும் நாம் நம்பிக்கொண்டே போவோம். மூன்று தடவை நாமே ஆளை மாற்றி மாற்றித் தூக்கில் போட்டிருப்போம். கடைசியில் வேற. 2016-ல் வந்த 'துருவங்கள் பதினாறு' படமும் அதே வேலையைத்தான் செய்கிறது. நாம் சேர்த்துவைத்த கணக்கு எல்லாம் கடைசியில் கலைந்துபோகும்.

டிவியில் என்றால் 1990-களின் கடைசியில் சன் டிவியில் வந்த 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கினது. அது வருகிற நேரம் எங்கள் ஊரில் தெரு காலியாக இருக்கும். ஊரில் தப்புப் பண்ணினவர்களுக்கு ஏதாவது ஆகிறது, எல்லாரும் "கருப்பசாமி தண்டிச்சிருச்சு" என்கிறார்கள். சாமியா, மனுஷனா என்பதுதான் கேள்வி. கருப்பனைக் கும்பிடுகிற நாங்களே மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்து, "இல்லப்பா, அந்தக் குதிரை எங்கிருந்து வந்துச்சு, அதப் பாரு" என்று துப்பறிந்துகொண்டிருந்தோம். சாமி மேல் பக்தி குறையவில்லை, கேள்வி கேட்கிற பழக்கம் வந்தது.

எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. சந்தேகப்பட்டவனைக் கட்டிவைத்து வெளுத்தால் உண்மை வந்துவிடும் என்று காட்டுகிற போலீஸ் படங்கள். தியேட்டரில் விசில் பறக்கிறது. அடி வாங்குகிறவன் எதையும் ஒத்துக்கொள்வான், அதனால்தான் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது என்று 1872-லேயே சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு போட்டார்கள். இப்போது வந்திருக்கிற புதுச் சட்டத்திலும் அது இருக்கிறது. 2020-ல் சாத்தான்குளத்தில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போன அப்பாவும் மகனும் அடுத்தடுத்துச் செத்துப்போனதைப் பார்த்த பிறகும் இந்தக் காட்சிகளுக்குக் கை தட்ட என்னால் முடியாது. துப்பறிகிறவன் மூளையால் தேடுகிறான். அடிக்கிறவன் தேடவே இல்லை. ரெண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள்.

"கதை படிச்சுத் திருடக் கத்துக்க மாட்டானா? 'பாபநாசம்' படத்துல கமல் சினிமா பாத்துத்தானே போலீஸை ஏமாத்தறாரு?" என்று என் தம்பி மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் கேபிள் அறுக்கிறவன் நாவல் படித்துவிட்டு வருவதில்லை. கதை படிக்கிறவன் முக்கியமாகக் கற்றுக்கொள்வது, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறைத்தாலும் ஏதோ ஒன்று வெளியில் நின்றுவிடும் என்பதைத்தான். திருடப் போகிறவனுக்கு அது தைரியம் தருகிற பாடம் இல்லை.

மாத நாவலில் குறையே இல்லை என்று சாதிக்க மாட்டேன். அவசரத்தில் எழுதினது நிறைய. கடைசி அத்தியாயத்தில் புதுசாக ஒருத்தனைக் கொண்டுவந்து அவன் தலையில் பழியைப் போட்டு முடித்த கதைகள் எத்தனையோ. பெண்ணைக் கொடூரமாகக் கொல்வதைப் பக்கம் பக்கமாக எழுதுவதும், கொன்றவன் 'சைக்கோ' என்று ஒரே வார்த்தையில் முடிப்பதும் எனக்கு ஆகாது. அந்த மாதிரிப் புத்தகத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டு மாட்டுக்குத் தட்டு வெட்டப் போய்விடுவேன்.

புதுசாக ஆரம்பிக்கிறவர்களுக்கு என் சிபாரிசு: சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ'. கிராமத்தில் நடக்கிற மர்மக் கதை, நமக்குப் பழகின மண். பிள்ளைகளுக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் மொழிபெயர்ப்பு வாங்கிக் கொடுங்கள். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, "யாருன்னு நினைக்கற? ஏன்?" என்று கேளுங்கள். அந்த "ஏன்"தான் முக்கியம். ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டால் ஆள் பேரைச் சொல்ல உரிமை இல்லை என்று பத்து வயசிலேயே பழக்கிவிடலாம்.

அப்புறம், எங்கள் ஊர் நூலகத்தில் 'கொலையுதிர் காலம்' புத்தகத்தை எடுத்துப் போய் ஏழு மாசமாகத் திருப்பாத ஆள் யார் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. சாட்சி இல்லாததால் பெயர் எழுதவில்லை. சீக்கிரம் வைத்துவிடுங்க.

அடுத்த பதிவில் கறவை மாட்டு மடிநோய் பற்றி எழுதுகிறேன். வரட்டுங்களா.